அந்த யானை இறந்தது மலப்புரத்தில் அல்ல

'மலப்புரத்தில் கர்ப்பிணி யானைக்கு வெடி வைத்த அன்னாசிப்பழத்தை ஊட்டிக் கொன்றார்கள்' என்ற 2020-ஆம் ஆண்டுப் பதிவு இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதில் ஊரே தப்பு. மே 27 அன்று அந்த யானை இறந்தது பாலக்காடு மாவட்டம், மண்ணார்க்காடு வனக்கோட்டத்தில் ஓடும் வெள்ளியாற்றில். மலப்புரத்தின் பெயரை இழுத்தவர்கள் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த மாவட்ட மக்களின் மதத்தையும் சேர்த்து இழுத்தார்கள். பதிவு இவ்வளவு பரவ அதுவும் ஒரு காரணம்.

யாரும் கையால் ஊட்டியதற்கும் ஆதாரமில்லை. பயிரை மேயும் காட்டுப்பன்றிகளுக்காகச் சட்டவிரோதமாக வைத்த வெடியை யானை தவறுதலாகக் கடித்திருக்கலாம் என்றே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சொன்னது. வெடி வைத்தது தேங்காயில் என்று இந்த வழக்கில் கைதானவர் விசாரணையில் கூறியதாக வனத்துறை தெரிவித்தது.

வாய் சிதைந்து, ஏறக்குறைய இரண்டு வாரம் தின்னவும் குடிக்கவும் முடியாமல் தளர்ந்து, கடைசியில் ஆற்றுநீர் நுரையீரலில் புகுந்து இறந்ததாகப் பிரேதப் பரிசோதனை கூறுகிறது. கொடுமை குறைந்துவிடவில்லை. ஆனால் தேட வேண்டியது ஒரு குரூரனை மட்டுமல்ல, காட்டோர வயல்களில் கிடக்கும் வெடிகளை. கோவைப் பக்கம் அதற்கு அவுட்டுக்காய் என்று பெயர். அங்கும் யானைகளின் வாய் கிழிந்திருக்கிறது.