புரவலர் என்றால் பாண்டித்துரைத் தேவர் மாதிரி

ஏப்ரல் வந்தால் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா. கூடவே நூல் வெளியீடுகளும் களைகட்டும். மேடையில் புரவலருக்குப் பொன்னாடை, முதல் பிரதி, ஒரு படம். பண உறையைக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பிவிடுவார். கொடுக்கிற மனசைக் குறை சொல்லவில்லை. அந்த உறை இல்லையென்றால் எத்தனையோ கவிதைத் தொகுப்புகள் அச்சேறியிருக்காது. ஆனால் அவர் அந்தப் புத்தகத்தைப் படித்தாரா என்று நாம் யாரும் கேட்பதே இல்லை.

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரை (1867-1911) வள்ளல் என்று சொல்லிச் சொல்லியே அவர் கவிஞர் என்பதை மறக்கடித்துவிட்டோம். சிவஞானபுரம் முருகன்மேல் காவடிச்சிந்து பாடியவர். பல நூல்களில் தேர்ந்த பாடல்களைப் 'பன்னூற்றிரட்டு' என்று தொகுத்தவர். அதாவது, படித்துத் தோய்ந்த ஆள்.

அவர் பணம் போன இடங்களிலும் அந்தப் படிப்பு தெரிகிறது. 1901 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தமிழ்ச் சங்கம் தொடங்கினார். ஆண்டுவிழாவோடு அது நின்றுவிடவில்லை. ஏடும் அச்சு நூலும் சேர்க்கப் பாண்டியன் புத்தகசாலை, அச்சிடச் சொந்த அச்சுக்கூடம், ஆய்வுக் கட்டுரைகளுக்குச் 'செந்தமிழ்' இதழ், படிக்க வருபவர்களுக்குப் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று தேர்வுகள். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் துணை நின்றார், அது தனிக்கதை.

எனக்குப் பிடித்தது 'அபிதான சிந்தாமணி' விவகாரம். சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் ஒற்றை ஆளாய்த் தொகுத்த கலைக்களஞ்சியம் அது. அச்சிட ஆள் கிடைக்காமல் திண்டாடினார். ஆயிரம் பக்கத்துக்குமேல் போகும் அந்தச் சுமையைத் தேவர் தூக்கிக்கொண்டார். 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பதிப்பாக வந்தது. அடுத்த ஆண்டே தேவர் காலமாகிவிட்டார், 44 வயதில். கைப்பிரதியைப் பார்த்ததும் அதன் பெறுமதி தெரிகிற கண் இல்லாதவர் அதில் காசைப் போட்டிருப்பாரா?

ஜமீனுக்கு நாம் எங்கே போவது என்பீர்கள். வேண்டாம். 'தமிழ் முரசு' நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி இந்த ஊரில் 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது சாதாரண உழைப்பாளிகளும்தான் கொடுத்தார்கள். அந்தக் காசு மேடைக்கா போனது? மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்களுக்குப் போனது.

இப்போது நமக்கு அச்சுச் செலவு பெரிய தலைவலி இல்லை. தேசியக் கலைகள் மன்றத்தின் மானியம் இருக்கிறது. தட்டுப்பாடெல்லாம் செம்மையாக்கத்துக்குத்தான். சந்திப்பிழை மலிந்த தொகுப்புக்குப் பளபளப்பான அட்டை போட்டு என்ன பயன்? அடுத்த விழாவில் பொன்னாடை, மலர்க்கொத்துச் செலவை ஒரு நல்ல செம்மையாளருக்குக் கொடுத்துப் பாருங்கள். மெய்ப்புப் பார்க்க நானும் வருகிறேன். கூலி வேண்டாம், ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) போதும்.