பிரார்த்தனைக்கு வர மாட்டேன் என்று சொல்ல முடிகிற வீடு

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லாருக்கும் ஒரே கவலைதான்: எங்களுக்கு அப்புறம் யார்? ஒரு காலத்தில் பல பெற்றோருக்கு இந்தக் கவலைக்கே இடம் இருந்ததில்லை. டவுன் சிண்ட்ரோம் (அறிவுசார் குறைபாட்டோடு வரும் ஒரு பிறவி மரபணு நிலை) உள்ளவர்களின் சராசரி ஆயுள் அமெரிக்காவில் 1983-இல் சுமார் 25 வயதாக இருந்தது. இன்று அது 60-ஐ ஒட்டி வந்துவிட்டது. அவர்களில் பலருக்குப் பிறவியிலேயே இருக்கும் இதயக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கியதும், பெரிய விடுதிகளில் அடைத்து வைக்கும் வழக்கம் குறைந்ததும் முக்கியமான காரணங்கள். நல்ல மாற்றம். ஆனால் அம்மாவுக்கு எண்பது ஆகும்போது மகனுக்கு ஐம்பது. அப்புறம்?

என் தம்பிக்காக இப்படித் தேடிக்கொண்டிருக்கும் குடும்பம் எங்களுடையது. சிலர் சேர்ந்து வாழும் சின்ன இல்லம் எது என்று விசாரித்தால், யார் கை காட்டினாலும் பெரும்பாலும் அது ஏதோ ஒரு மத அமைப்பு நடத்துவதாகவே இருக்கிறது. "சாமி பேரைச் சொல்லி நடத்துகிற இடத்தில் விடாதே" என்கிறார்கள் நண்பர்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

காரணம் பக்தி இல்லை, அங்கே ஆட்கள் நிலைத்து இருக்கிறார்கள் என்பதுதான். சம்பளம் குறைவு, வேலை கடினம் என்பதால் பராமரிப்பு வேலையில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். பேச்சு வராத ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது கூட இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பல்வலி வந்தால் அவர் பல்லைக் காட்ட மாட்டார், தலையில் அடித்துக்கொள்வார். பத்து வருடம் பழகியவர் பார்த்ததும் பல் மருத்துவரிடம் கூட்டிப்போவார். போன மாதம் வந்தவர் "நடத்தைப் பிரச்சினை" என்று பதிவேட்டில் எழுதுவார். அடுத்து மயக்கம் தரும் மாத்திரை. இது கற்பனை இல்லை, உடல் வலியைக் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடுவது மருத்துவர்களே ஒப்புக்கொள்ளும் பழைய சிக்கல். இதைத் தன் வாழ்வின் பணி என்று நம்பி வந்தவர் ஒரே வீட்டில் இருபது வருடம் இருந்துவிடுகிறார். அந்த நம்பிக்கையை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

சரி, அப்படியானால் கேள்வியே கேட்காமல் விட்டுவிடலாமா? அங்கேதான் எனக்கும் பக்தர்களுக்கும் சண்டை.

ஜான் வானியே 1964-இல் பிரான்சின் த்ரோஸ்லி-ப்ருயி கிராமத்தில், ஒரு காப்பகத்தில் இருந்த, அறிவுசார் குறைபாடு உள்ள இரண்டு பேரைத் தன்னோடு வாழ அழைத்து லார்ஷ் இயக்கத்தைத் தொடங்கினார். கத்தோலிக்க வேரில் முளைத்தது. 1970-இல் பெங்களூரில் ஆஷா நிகேதன் என்ற தன் இல்லத்தைத் தொடங்கியபோது பல மதத்தவர் சேர்ந்து வாழும் வீடாக மாறிக்கொண்டது. இன்று பல நாடுகளில் இருக்கிறது. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே மேசையில் சாப்பிடுவது, ஒரே கூரையின் கீழ் தூங்குவது என்ற எளிய யோசனை அது. வானியேவை உயிரோடு இருக்கும்போதே மகான் என்றார்கள். 2019-இல் இறந்தார். அடுத்த ஆண்டே வந்த அறிக்கை, ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் குறைந்தது ஆறு பெண்களை அவர் பாலியல் ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டார் என்றது. 2023-இல் வந்த விரிவான அறிக்கையில் அந்த எண் குறைந்தது 25 ஆனது. அவர்களில் யாருக்கும் அறிவுசார் குறைபாடு இருந்ததாகத் தெரியவரவில்லை. ஆனால் நிறுவனரிடம் "இது தப்பு" என்று யாரும் சொல்ல முடியாத சூழல் பல பத்தாண்டுகள் நீடித்திருக்கிறது. நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் நிலையே இது என்றால், பேச முடியாதவர்கள்?

இரண்டு அறிக்கைகளுக்கும் ஏற்பாடு செய்து, வெளியிட்டதும் லார்ஷ்தான். அதனால்தான் அந்த இயக்கத்தின் மேல் எனக்கு மரியாதை மிச்சம் இருக்கிறது.

ஆகவே எந்த இல்லத்துக்குப் போனாலும் நான் கேட்பது ஒன்றைத்தான். காலைப் பிரார்த்தனைக்கு ஒருவர் வர மாட்டேன் என்றால் என்ன ஆகும்? சிலர் சிரிக்கிறார்கள். "இவங்களுக்கு என்னங்க தெரியும், எல்லாரும் சந்தோஷமா வருவாங்க" என்கிறார்கள். அந்தப் பதில் வந்தால் கிளம்பிவிட வேண்டியதுதான். பிரார்த்தனையை மறுக்க முடியாதவரால் தன்னைத் தொடும் கையையும் மறுக்க முடியாது. பாதுகாப்புப் பயிற்சி, புகார்ப் பெட்டி எல்லாம் அப்புறம்; "வேண்டாம்" என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பது அந்த வீட்டில் தினமும் பழக்கத்தில் இருக்க வேண்டும்.

மத இல்லங்கள் அதிகம் தடுமாறுவது இன்னொரு இடத்தில். இவர்களைப் பாவம் அறியாத தெய்வப் பிறவிகளாகப் பார்க்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் முப்பத்தைந்து வயது மனிதருக்குக் காதல் வரும், கோபம் வரும், தனியாக இருக்கப் பிடிக்கும். தெய்வப் பிறவிக்குக் காதலி எதற்கு என்று அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. (மதச் சார்பற்ற இல்லங்களும் இதில் ஒன்றும் கிழித்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்வு செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. அதைப் படித்தால் நம் குடும்பங்களுக்கும்தான் சங்கடம். தம்பியிடம் நாங்கள் இன்னும் முழுசாகக் கேட்கவில்லை. படங்கள் காட்டி, ஒரு இரவு தங்கவைத்து, திரும்பி வந்ததும் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு இல்லத்தில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். நீங்கள் முன்கூட்டிச் சொல்லாமல் போனால் உள்ளே விடுகிறார்களா? அவருடைய அறைக் கதவைத் தட்டிவிட்டு நுழைகிறார்களா? பிரார்த்தனை நேரத்தில் அவர் எங்கே இருக்கிறார்?