கடைசி நடை யார் கணக்கில்?

போக்குவரத்து பற்றிப் பேச்சு வந்தாலே, "ஆளில்லாத கிராமத்து பஸ் நடையை நிறுத்தினால் என்ன?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். பிரிட்டன் அதைச் செய்தே பார்த்துவிட்டது.

அங்கே 1930 முதல் இருந்த உரிம முறையில், நல்ல வசூல் தரும் தடங்கள்தான் வசூல் இல்லாத ஊர்களின் வண்டியைத் தாங்கின. 1985-ல் வந்த சட்டம் அந்த முடிச்சை அவிழ்த்தது. மறுவருடம் அக்டோபர் முதல், லண்டனைத் தவிர மற்ற இடங்களில் 42 நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் போதும், கம்பெனிகள் தடத்தைத் தொடங்கலாம், நிறுத்தலாம் என்றானது. கூட்டமுள்ள சாலைகளில் வண்டிகள் முட்டி மோதின. ராத்திரி நடைகளுக்கும் ஒதுக்குப்புற ஊர்களுக்கும் உள்ளாட்சிகள்தான் காசு கொடுத்து வண்டி விட வேண்டியதாயிற்று.

லண்டனில் இன்று ஓட்டுவது கம்பெனிகள்தான். ஆனால் எந்தத் தடம், எத்தனை நிமிடத்துக்கொரு வண்டி, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அரசு அமைப்பின் கையில். டிக்கெட் காசும் அதற்கே; கம்பெனிக்கு வண்டி ஓட்டுவதற்கான பணம் மட்டும். அதனால் முந்திப் போய் ஆள் பிடிக்கும் பந்தயம் இல்லை. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் பணம் என்றால் கம்பெனிக்கு என்ன அக்கறை? நேரத்துக்கு ஓட்டினால் ஊக்கத்தொகை, தவறினால் பிடித்தம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். மான்செஸ்டர் வட்டாரம் 2023-ல் இந்த வழிக்குத் திரும்பத் தொடங்கி 2025 ஜனவரியில்தான் முடித்தது. அவிழ்த்ததைக் கட்ட கிட்டத்தட்ட நாற்பது வருடம்!

எனக்குப் பிடித்தது சுவிட்சர்லாந்து. 1982-ல் அங்கே மணிக்கொரு ரயில் என்று அட்டவணையை மாற்றினார்கள். ரயில் வரும் நேரத்தை ஒட்டி, மலையூர்களுக்குப் போகும் அஞ்சல் துறையின் மஞ்சள் பேருந்து நிலைய வாசலில் நிற்கும். ஒருவேளை அதில் நாலு பேர்தான் ஏறுவார்கள். அந்த நாலு பேரும் ரயிலுக்கும் டிக்கெட் எடுத்தவர்கள். தடவாரியாக வசூல் பார்க்கும் கணக்கில் இது தெரியவே தெரியாது.

கடைசி நடையும் அப்படித்தான். ராத்திரி வண்டியை நிறுத்தினால் பாதிப்பு அதில் வரும் ஆறு பேரோடு போகாது. திரும்ப வண்டி இருக்காதே என்று காலையிலேயே பைக்கை எடுத்துவிடுவார்கள். அப்புறம் காலை நடையிலும் ஆள் குறையும், அதையும் நஷ்டம் என்று எழுதுவார்கள்.

எல்லா ஊருக்கும் பத்து நிமிடத்துக்கொரு வண்டி விட முடியாது, சரி. இருக்கிற வண்டிகளைக் கூட்டத்தில் குவிப்பதா, ஊர் ஊராகப் பரப்புவதா என்று யாராவது முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும். அதைச் சத்தமில்லாமல் டிப்போவுக்குள் எடுக்காதீர்கள் என்கிறேன். மொத்த ஓட்டத்தில் இத்தனை பங்கு சின்ன ஊர்களுக்கு என்று அரசு முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அந்த நடைகளிடம் வசூல் கேட்காமல் இருக்கட்டும். நேரத்துக்கு வந்ததா என்று மட்டும் கேட்கட்டும்.