குளக்கட்டு உடைந்தால் எந்தக் கந்தோர்?

போன மாரிக்கு முதல் எங்கள் ஊர்ச் சின்னக் குளத்தின் துருசடியில், அதாவது தண்ணீர் திறந்துவிடுகிற மதகடியில், கட்டு அரித்து, ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. ஒட்டுசுட்டான் பக்கம். அந்தத் தண்ணீரை நம்பி ஐம்பது அறுபது ஏக்கர் விதைக்கிறோம். கமக்காரர் அமைப்பில் செயலாளர் என்ற பெயர் எனக்கு இருப்பதால், கடிதத்தோடு அலைவது என் தலையில் விழுந்தது.

முதல் கந்தோரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, கட்டு எங்கட பொறுப்பு. கட்டுக்கு மேல ஓடுற ரோட்டு பிரதேச சபையின்ர. நீங்கள் கிரவல் வெட்டக் காட்டுற மேடு எல்லைக்கல்லுக்கு அங்கால கிடக்கு, அது காட்டுக்காரரிட்டக் கேக்கோணும். கிரவல் பெர்மிட் வேற இடம்."

தம்பியில் பிழையில்லை. அவர் சொன்னது எல்லாம் சட்டப்படி சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.

வன்னியில் ஒரு குளம் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். 80 ஹெக்டேயர், அதாவது 200 ஏக்கர் வரை பாய்கிற குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். அது கொழும்பின் கை. அதைவிடப் பெரிதென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். ஆனால் எந்த நீர்ப்பாசனம்? கனகராயன் ஆறு வட மாகாணத்துக்குள்ளேயே ஓடி முடிவதால் இரணைமடு மாகாணத்திடம். அருவி ஆறு அனுராதபுரப் பக்கமிருந்து வருவதால் மன்னாரின் கட்டுக்கரைக்குளம் மத்திய அரசிடம். வீதியும் இப்படித்தான்: ஏ9 கொழும்புக்கு, உள் வீதிகளில் கொஞ்சம் மாகாணத்துக்கு, ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. விதானையாரும் பிரதேச செயலாளரும் கச்சேரியும் மத்தியின் வரிசை. ஆற்றுக்கு மாகாண எல்லை தெரியுமோ என்னவோ, கோப்புக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது முகநூலில் திரும்பவும் "சமஷ்டியா, பதின்மூன்றா" சண்டை சூடாக ஓடுகிறது. கூட்டாட்சியான சமஷ்டி வேண்டுமா, மாகாண சபைகளைத் தந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் போதுமா என்பதுதான் கதை. இரண்டு பக்கத்திலும் கத்துகிற பலர், எது கூட அதிகாரம் தரும் என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அளவு இரண்டாவது கேள்வி. கொடுத்ததை யார் திருப்பி எடுக்கலாம் என்பதுதான் முதல் கேள்வி.

வன்னிச் சனத்துக்கு இதை விளக்கப் பெரிய தமிழ் தேவையில்லை. உறுதிக் காணிக்கும் பெர்மிட் காணிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் போதும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பெர்மிட்டை வைத்துக்கொண்டு எத்தனை குடும்பங்கள் இங்கே இருக்கின்றன! உழலாம், விதைக்கலாம், வீடு கட்டலாம். நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ ஏலாது. நிபந்தனை மீறினாய் என்றால் ரத்து. மாகாண சபை என்பது பெர்மிட் காணி. சமஷ்டி என்பது உறுதிக் காணி.

1987 நவம்பரில் வந்த 13ஆவது திருத்தத்தில் மூன்று அதிகார நிரல்கள்: மாகாணத்துக்கு ஒன்று, மத்திக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவாக ஒன்று. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மத்தியின் நிரலைத் திறந்தால் முதல் வரியிலேயே "எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை" என்று இருக்கிறது. அந்த ஒரு வரி போதும். மாகாண நிரலில் உள்ள விடயத்திலும், மாகாண சபைகள் மறுத்தாலும், பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு இருந்தால் சட்டம் போடலாம். ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. மாகாணப் பொலிஸ் இன்றுவரை வரவேயில்லை. காணியும் கடதாசியில் இருந்தது. 2013 செப்டம்பரில், வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்து ஐந்தாம் நாள், அரச காணி மத்தியின் கையில்தான் என்று உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

என் பெறாமகன் சுவிஸில் இருக்கிறான். அங்கே 26 கன்டோன். பள்ளிக்கூடம், பொலிஸ் எல்லாம் கன்டோனின் கையில். மத்திக்கென்று அரசியலமைப்பில் எழுதாதது கன்டோனுக்கு. அரசியலமைப்பை மாற்றுவதென்றால் மொத்த வாக்கில் பெரும்பான்மையும் வேண்டும், கன்டோன்களில் பெரும்பான்மையும் வேண்டும். போனமுறை கதைத்தபோது, அவன் ஊரில் பள்ளிக்கூடம் திருத்துகிற செலவுக்கு வாக்கெடுப்பு என்றான். எங்கள் துருசுக் கதையைச் சொன்னேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சமஷ்டி என்றால் பிரிவினை என்று தெற்கில் பயப்படுத்துவார்கள். 1926இல் இலங்கைக்குச் சமஷ்டிதான் சரி என்று எழுதியவர் பின்னாளில் பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. அடுத்த ஆண்டு, அரசியலமைப்பை மாற்றுவது பற்றி விசாரிக்கப் பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவிடம் அதைக் கேட்டவர்கள் கண்டிச் சிங்களவர். சமஷ்டி கேட்பது பிரிவினை அல்ல என்று 2017 ஓகஸ்டில் உயர் நீதிமன்றமே சொல்லியாயிற்று. அப்புறமும் அதே பாட்டு.

சரி, எங்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2013இல் வட மாகாண சபைக்குத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பை 38இல் 30 இடம் கொடுத்து அனுப்பினோம். தீர்மானங்கள் குவிந்தன, மாகாண சபை போடுகிற சட்டங்களான நியதிச்சட்டங்கள் அந்தளவு வரவில்லை. உள்ளுக்குள்ளே முதலமைச்சரும் உறுப்பினர்களும் பிடுங்குப்பட்டே காலம் போனது. பெர்மிட் காணி என்று தெரிந்தும் பக்கத்துக் காணிக்காரன் பயிர் வைக்கிறான். நாங்கள் வேலியில் நின்று சண்டை பிடித்தோம். இதை எழுதினால் என்னைத் திட்டுவீர்கள் என்று தெரியும். திட்டுங்கள். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதன்பிறகு தேர்தலும் இல்லை, ஆளுநர்தான்.

குழியை ஐப்பசி மழைக்கு முதல் நாங்களே மண் மூட்டையும் பனங்குற்றியும் போட்டு அடைத்தோம். அது எத்தனை மாரிக்கு நிற்குமோ தெரியாது. அன்று இரவு திருப்பியும் ஒரு கடிதம் எழுதினோம். பிரதி அனுப்ப வேண்டிய ஆட்களை நான் சொல்லச் சொல்ல, கொம்பியூட்டரில் அடித்துக்கொண்டிருந்த பொடியன் ஆறாவது பெயரில் நிறுத்திக் கேட்டான்: "மாமா, மாகாண விவசாய அமைச்சர் எண்டு போடட்டா?"

அப்படி ஒருவர் இப்போது இல்லையடா என்றேன். அந்த வரியை அழித்துவிட்டு ஆளுநரின் செயலாளர் என்று அடித்தான்.