எவரெஸ்ட் என்றால் என்ன அர்த்தம்?

வீட்டில் பையன் பொது அறிவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்ட கேள்வி இது. "மலையோட பேருடா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனசு ஒப்பவில்லை.

அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஜார்ஜ் எவரெஸ்ட், 1830 முதல் 1843 வரை இந்தியாவின் சர்வேயர் ஜெனரல், அதாவது நில அளவைத் துறையின் தலைவர். அவர் வீட்டார் அதை 'ஈவ்ரெஸ்ட்' என்றுதான் உச்சரித்தார்கள். பெயரின் வேர் பிரான்சில், நார்மண்டியின் எவ்ரூ என்ற ஊரில் இருக்கிறது. அந்த ஊருக்குப் பெயர் வந்தது எபுரோவிசெஸ் என்ற பழங்குடியால். அவர்கள் பெயருக்குள் ஒளிந்திருப்பது யூ என்கிற மரம், வில் செய்ய ஏற்ற மரம். மரத்தின் பெயர் குடிக்கு, குடியின் பெயர் ஊருக்கு, ஊரின் பெயர் குடும்பத்துக்கு, கடைசியில் இமயமலைக்கு! எனக்கு இந்தப் பயணம் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம்தான் உறுத்துகிறது.

ஆங்கிலேயர் இந்தியாவை அளந்த அந்த மாபெரும் நில அளவை தொடங்கியது நம் பரங்கிமலைப் பக்கம்தான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே அளவையின் முதல் நேர்கோட்டை அளந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கோணங்களை அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி அடிபட்டது. லாம்டனுக்குப் பின் வேலையைத் தொடர்ந்தவர் எவரெஸ்ட். அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகுதான் '15ஆம் எண் சிகரம்' என்று குறிக்கப்பட்டிருந்த இந்த மலை உலகிலேயே உயரமானது என்று தெரிந்தது. அதைக் கணக்கிட்டவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். உயரம் 29,002 அடி என்று 1856இல் அறிவித்தார்கள்.

உள்ளூர்ப் பெயர்களையே மலைகளுக்கு வைக்க வேண்டும் என்பது எவரெஸ்ட் தன் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்த வழக்கம். அவருக்கு அடுத்து சர்வேயர் ஜெனரலான ஆண்ட்ரூ வா (Waugh) என்பவர், நேபாளத்துக்குள் போக முடியவில்லை, உள்ளூர்ப் பெயர் எதுவென்று உறுதியாகத் தெரியவில்லை என்று சொல்லித் தன் பழைய அதிகாரியின் பெயரையே முன்மொழிந்தார். எவரெஸ்டே மறுத்தார். இந்தியில் எழுத வராது, இந்நாட்டு மக்கள் வாயில் நுழையாது என்று 1857இல் சொல்லியிருக்கிறார். அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. லண்டன் கேட்கவில்லை. 1865இல் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பெயரில்லாத மலையா அது? திபெத்தியர்களுக்கு அது சோமோலுங்மா, தாய்த் தெய்வம். 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு வரைபடத்திலேயே கிட்டத்தட்ட அந்தப் பெயர் இருந்தது. நேபாளம் சகர்மாதா என்கிறது.

எவரெஸ்ட் என்ற சொல்லை அழிக்கச் சொல்லவில்லை. பாடப் புத்தகத்தில் சோமோலுங்மா முதலில் வரட்டும், எவரெஸ்ட் அடைப்புக்குறிக்குள் போகட்டும். எங்கள் வீட்டுப் புத்தகத்தில் பையனும் நானும் பென்சிலால் அப்படித்தான் மாற்றி எழுதியிருக்கிறோம்.