அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்

மண்டபத்துப் பந்தியில் சாப்பிட்டவர்களுக்கு டைபாய்டு வந்த விவகாரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஊர் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் சமையல்காரர் முகத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு, "ஊருக்கே டைபாய்டு கொடுத்தவன்" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை.

அவருக்குக் காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை. மலப் பரிசோதனையில் கிருமி தெரிந்தபோது நம்மைவிட அதிகம் ஆடிப்போனவர் அவர்தான். டைபாய்டு வந்து தேறியவர்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு அந்தக் கிருமி பித்தப்பையில் வருஷக்கணக்கில் தங்கிவிடும். ஆள் திடகாத்திரமாக இருப்பார், தன் உடம்பில் அது இருப்பதே தெரியாது. தெரியாமல் நடந்ததைத் தெரிந்தே செய்ததுபோல எழுதாதீர்கள்.

"எங்கள் பிள்ளைகள் படுத்துக் கிடந்ததற்கு யார் பொறுப்பு?" நியாயமான கேள்விதான். என் அக்கா மகனும் அந்தப் பந்தியில் சாப்பிட்டவன், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலில் விழுந்தான். எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அந்த மண்டபத்தின் பின்கட்டைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கக்கூஸ் வாசலில் ஒரு நீல டிரம், அதில் மிதக்கிற உடைந்த மக். குழாய் கிடையாது, சோப்பு கிடையாது. கொதிக்கிற சாம்பாரில் இந்தக் கிருமி பிழைக்காது. ஆறின பிறகு கை படுகிற தயிர்சாதம், பச்சடி, நறுக்கின பழம் வழியாகத்தான் பரவும். அந்தக் கையைக் கழுவ இடம் கொடுக்காதவர்கள் படம் ஏன் குழுவில் வரவில்லை?

என் அப்பா தவசுப்பிள்ளை. தஞ்சாவூரிலிருந்து மாயவரம் வரைக்கும் கல்யாணங்களில் கோட்டை அடுப்பு முன்னால் முப்பது வருஷம் நின்றவர். முழங்கை வரை அண்டாவில் விட்டுத்தான் தயிர்சாதம் பிசைவார். கைமணம் என்று ஊரே கொண்டாடியது. ஒரு ஐப்பசியில் அவருக்கு டைபாய்டு. அட்வான்ஸ் வாங்கியிருந்ததால், எழுந்து நடக்க முடிந்ததும் கார்த்திகை முகூர்த்தத்துக்குப் போய்விட்டார். கிருமி போய்விட்டதா என்று யாரும் பரிசோதிக்கச் சொல்லவில்லை. அவர் கையாலும் யாருக்காவது வந்திருக்குமோ? நேற்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. போனில் கூப்பிட்டால் மூன்று நாள் கூலிக்கு வருகிறவருக்கு அதை யார் செய்துவைத்தது? செய்தாலும் இந்தக் கிருமி மலத்தில் விட்டு விட்டுத்தான் வரும், ஒரே சோதனையில் தப்பிவிடலாம். திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், அதுவரை அவர் வீட்டில் உலை கொதிக்க வேண்டும்.

நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையல்காரியை 1907இல் உடம்பில் இந்தக் கிருமி இருந்ததற்காகவே பிடித்துத் தீவில் வைத்தார்கள். சமைக்கக் கூடாது என்று சொல்லி 1910இல் விட்டார்கள். சலவை வேலையில் கூலி போதாமல், பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி அடுப்படிக்கே போனாள். அது தப்புதான், மறுக்கவில்லை. 1915இல் மறுபடி பிடித்தவர்கள் 1938இல் அவள் சாகும்வரை விடவில்லை. அன்றைக்கு மருந்து இல்லை. இன்றைக்கு நான்கு வாரம் சரியான மாத்திரை எடுத்தால் பலருக்குக் கிருமி போய்விடும், போகாவிட்டால் பித்தப்பையை எடுக்கிற வழியும் இருக்கிறது.

நம் சமையல்காரர் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லோரும் அந்தக் குழுவில் இருக்கிறீர்கள். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும். அதற்குள் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.