காலர் ஐடியைக் கண்டுபிடித்தவர் ஷெர்லி ஜாக்சனா?

"காலர் ஐடி, பட்டன் போன், சூரிய மின்கலம், ஒளியிழை, எல்லாமே ஷெர்லி ஆன் ஜாக்சன் என்ற கறுப்பினப் பெண்ணின் கண்டுபிடிப்புகள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஜாக்சன் அமெரிக்காவின் தொலைபேசித் துறை ஆய்வகமான பெல் ஆய்வகத்தில் சேர்ந்தது 1976-இல். சூரிய மின்கலத்தை அதே ஆய்வகம் 1954-இலேயே அறிவித்துவிட்டது. அப்போது அவருக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. பட்டன் போன், அதாவது வட்டைச் சுழற்றாமல் பட்டன்களை அழுத்தி எண் போடும் தரைவழித் தொலைபேசி, 1963-இல் விற்பனைக்கு வந்தபோது அவர் பள்ளி மாணவி. நெடுந்தூரத் தகவல் தொடர்புக்கு ஏற்ற ஒளியிழையை (ஒளி மூலம் தகவலைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை) 1970-இல் உருவாக்கியது கார்னிங் நிறுவனம். அழைப்பவரின் எண்ணைக் காட்டும் காலர் ஐடிக்கு அடிப்படையான காப்புரிமையை தியோடர் பராஸ்கெவாகோஸ் என்ற கண்டுபிடிப்பாளர் 1973-இல் பெற்றார். ஆண்டுகளை வரிசையாக வைத்தாலே கதை நிற்காது. கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் கண்டுபிடிப்பாளர் பெயரையும் ஆண்டையும் கொடுத்து நீங்களே பார்க்கலாம்.

அவருடைய உண்மையான சாதனையே பெரியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். ஆண்டு 1973, துறை துகள் இயற்பியல் கோட்பாடு. 1968-இல் அங்கே கறுப்பின மாணவர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவரானார். எம்.ஐ.டி.யின் கறுப்பின வரலாற்றுத் திட்டம் இவற்றை ஆவணங்களோடு இணையத்தில் வைத்திருக்கிறது. 1892-இல் கட்டடக்கலைப் பட்டம் பெற்ற ராபர்ட் டெய்லரில் தொடங்கும் வரலாறு அது. பொய்யான பட்டியல் பரவினால், நாளை உண்மையான சாதனையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் குழுவில் வந்திருந்தால், மேலே உள்ள ஆண்டுகளைப் பதிலாகப் போடுங்கள்.